பெண் பெயரில் காதல் தொடர் எழுதுகிறேன், தவறா?

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நான்கு வருடமாக இணையத்தில் குடும்பக் காதல் தொடர்கள் எழுதுகிறேன். முதல் இரண்டை என் பெயரில் போட்டேன், பத்துப் பேர்கூடப் படிக்கவில்லை. மூன்றாவதை என் பாட்டி பெயரில் போட்டேன். ஒரே வாரத்தில் 'அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த பகுதி) எப்போ அக்கா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை ஒன்பது தொடர் முடித்திருக்கிறேன். மனைவிக்கு எல்லாம் தெரியும், முதல் வாசகியே அவள்தான். இப்போது ஒரு பதிப்பகம் இரண்டு தொடர்களைப் புத்தகமாகக் கேட்கிறது. 'பெண் பெயரே இருக்கட்டும், நீங்கள் ஆண் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்' என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஒரு வாசகி எட்டு மாதமாகத் தனிச்செய்தியில் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிவருகிறார். கணவரைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி எல்லாம் எழுதுகிறார். இரண்டு தடவை 'நானும் ஒரு பெண்தானே' என்று பதில் போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒருவர், 'உங்க நாயகியை வெளியே நின்னு பார்க்கிற மாதிரி இருக்கு' என்று எழுதினார். அதிலிருந்து எனக்கு எழுத வரவில்லை. ஆண் இதையெல்லாம் எழுதவே கூடாதோ? ஒரு அத்தியாயம் இணைத்திருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதிப்பகத்தை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசகியை 'இன்னொரு விஷயம்' என்று நடுவில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம்.

அட்டையில் இருக்கும் பெயர் பெண் பெயராக இருப்பதால் வாசகருக்கு எந்த நட்டமும் இல்லை. அவர் காசும் நேரமும் கொடுத்தது கதைக்காக. கதை கையில் வந்துவிட்டது. தனிச்செய்தியில் அந்தப் பெண் உங்களிடம் கொடுத்தது அப்படிப்பட்டதில்லை. பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். இன்னொரு பெண்ணிடம் சொல்கிறோம் என்ற ஒரே தைரியத்தில்தான் சொல்லியிருக்கிறார். 'நானும் ஒரு பெண்தானே' என்று நீங்கள் எழுதிய வரியைப் புனைபெயர் கணக்கில் சேர்க்க முடியாது. அது பொய். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை என்று நம்புகிறேன், ஆனாலும் பொய்தான்.

இதை நான் கறாராகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் பிழை திருத்துபவளாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாத நாவல் அலுவலகத்தில், மனைவி பெயரில் எழுதும் ஆண் எழுத்தாளர் ஒருவரின் நாவல்கள் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் மத்தியானம் ஐம்பது வயதுள்ள அம்மா ஒருவர், ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு வந்து நின்றார். "அந்தத் தங்கச்சியப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும், எங்க வீட்டுக் கதையை அப்படியே எழுதியிருக்கா" என்றார். எழுத்தாளர் அம்மா ஊரில் இல்லை என்று அவரிடம் சொன்னது நான்தான். அந்த எழுத்தாளர் அப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப குடுத்துடுங்க, நான் அடுத்த தடவை வர்றேன்" என்று படியிறங்கிப் போனார். அந்த அதிரசத்தை என்னால் தொட முடியவில்லை. அவராவது நேரில் வந்து ஏமாந்து திரும்பினார். உங்கள் வாசகி எட்டு மாதமாக வீட்டுக்குள் உட்கார்ந்து ஏமாந்துகொண்டிருக்கிறார்.

அதனால் அவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ராத்திரி பதினோரு மணிக்கு 'நான் ஆண்' என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த வீட்டில் அவர் போனை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கணவரைப் பற்றிக் கஷ்டம் சொல்லும் ஒரு பெண்ணின் போனில், முகம் தெரியாத ஒருவன் 'நான் ஆண்' என்று எழுதியது கணவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? உங்கள் மனசு லேசாவதற்கு அவர் அடி வாங்கக் கூடாது. முதலில், "ஒரு விஷயம் சொல்லணும், நீங்க தனியா இருக்கும்போது சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் பெண் இல்லை. இது என் புனைபெயர். நான் கல்யாணமான ஆண். இரண்டு தடவை பெண் என்று சொன்னேன், அது பொய், மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதியது எதையும் கதையில் சேர்க்கவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிடுகிறேன். நீங்களும் இந்தச் செய்தியைப் படித்ததும் அழித்துவிடலாம். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

இதில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். கதையில் சேர்க்கவில்லை என்பது உண்மைதானா? ஒன்பது தொடரையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் மனைவி அந்தச் செய்திகளைப் படித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த வாசகிக்குக் கோபம் வரும். நான்கு பேரிடம் சொல்வார், பொதுவில் எழுதவும் எழுதலாம். எழுதினால் வாதாடாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். அடி, மிரட்டல் என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த எண்ணில் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

சரி, இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். ஆண் காதல் கதை எழுதலாமா?

தமிழில் இந்தக் கேள்வி எழுவதே எனக்கு ஆச்சரியம். சங்க அகப்பாடல்களில் பெண் பேசும் பாட்டுகளில் பெரும்பகுதி ஆண் புலவர்கள் பாடியது. நம்மாழ்வார் தலைவியாக நின்று பாடும்போது அவரைப் பராங்குச நாயகி என்றே சொல்கிறோம். திருமங்கையாழ்வார் பரகால நாயகி. பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டது மட்டுமில்லை, அதற்கென்று ஒரு பெண் பெயரும் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் இதைக் குற்றமாக எண்ணவில்லை.

பிறகு ஏன் உங்கள் முதல் இரண்டு தொடரும் படுத்துவிட்டன? பஸ் ஸ்டாண்ட் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்திலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. துப்பறியும் கதை என்றால் ஆண் பெயர், குடும்பக் கதை என்றால் பெண் பெயர். லக்ஷ்மி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன் என்று படித்துப் படித்து, காதல் கதை என்றால் கை தானாகப் பெண் பெயருக்குப் போகிறது. (லக்ஷ்மி என்பதும் புனைபெயர்தான், டாக்டர் திரிபுரசுந்தரி என்பதுதான் அவர் பெயர்.) வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பில் ஸ்பென்ஸ் என்பவர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர். பிறகு கௌபாய் கதைகள் எழுதினார். காதல் கதை பக்கம் வந்தபோது பதிப்பகம் 'ஜெசிக்கா பிளேர்' என்ற பெயரைக் கொடுத்தது. பின்னாளில் தன் முகத்தைக் காட்டிப் பத்திரிகைகளுக்குப் பேட்டியும் கொடுத்தார். பீட்டர் ஓ'டானல் என்பவர் 'மேடலின் பிரென்ட்' என்ற பெயரில் எழுதிய நாவல் 1978இல் அங்கே அந்த வருடத்தின் சிறந்த காதல் நாவல் என்று பரிசே வாங்கியது. சாகச நாயகி மாடஸ்டி பிளைஸைப் படைத்தவர் அவர்தான்.

நம்மிடமும் உண்டு. சுஜாதா என்ற பெயர் எஸ். ரங்கராஜனின் மனைவி பெயர். பத்திரிகையில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். ஸ்ரீவேணுகோபாலன் சொந்தப் பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதினார், வேறு வகைக் கதைகளுக்குப் புஷ்பா தங்கதுரை ஆனார். ஆனால் இதைக் கவனியுங்கள். சுஜாதா ஆண் என்பது வாசகருக்குத் தெரியும். தெரிந்துதான் படித்தார்கள். பெயர் பெண்ணுடையதாக இருந்தது, ஆள் பெண் வேஷம் போடவில்லை. நீங்களும் அங்கே வந்து நின்றால் போதும். பாட்டி பெயரை விட வேண்டாம். உங்கள் அறிமுகப் பக்கத்தில் 'இது புனைபெயர்' என்று ஒரு வரி போடுங்கள். யாரோ ஒரு பெண்ணின் படம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 'அக்கா' என்று கூப்பிடுகிறவருக்கு, 'நான் அக்கா இல்லைங்க' என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பெரிய அறிக்கையெல்லாம் தேவையில்லை. சிலர் போய்விடுவார்கள். ஒன்பது தொடர் படித்தவர்களில் பலர் பத்தாவதுக்கும் வருவார்கள் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. இதை முடித்துவிட்டு அப்புறம் புத்தகம் போடுங்கள், முன்னால் வேண்டாம்.

இனி நீங்கள் இணைத்திருக்கும் எட்டாம் அத்தியாயம்.

நாயகி யாழினி அலுவலகம் முடிந்து, இருட்டும் நேரத்தில், ஆள் இல்லாத பஸ் நிறுத்தத்தில் மழையில் மாட்டிக்கொள்கிறாள். 'நனைந்த மெல்லிய சேலை இடையோடு ஒட்டிக்கொள்ள, நெற்றியில் புரண்ட கூந்தல் கற்றையை ஒதுக்கினாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதித்யாவின் கார் இரண்டு பக்கம் கழித்துத்தான் வருகிறது. அப்படியானால் இங்கே அந்த இடையைப் பார்த்தது யார்? தெருவில் யாரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் தன் இடையைத் தானே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். உங்கள் வாசகர் 'வெளியே நின்று பார்க்கிற மாதிரி' என்றது இந்த இடத்தைத்தான். இது ஆண் என்பதால் வந்த குறை என்று நினைக்காதீர்கள். பெண்கள் எழுதி என் மேசைக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளிலும் இதே மழை, இதே சேலை. எல்லோரும் சினிமா கேமராவை இரவல் வாங்கிவிடுகிறோம்.

அவளுக்குள் போய் நின்று பாருங்கள். ஈரப் பாவாடை கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டு எட்டி நடக்கவிடாது. தோளில் குத்திய சேஃப்டி பின் கழன்றிருக்கிறதா என்று கை தானாகத் தடவும். பையை மார்போடு அணைத்துக்கொள்வாள். அது வெட்கத்தில் இல்லை, உள்ளே போன் இருக்கிறது, அதில் நான்கு சதவிகிதம் சார்ஜ். எதிரே சாத்திய டீக்கடை ஓரத்தில் ஒரு பீடி நெருப்பு தெரிந்தால், மழை அவளுக்கு மறந்தே போகும். அடுத்த பஸ் 8.20க்கு, வீட்டுக்கு என்ன சொல்வது என்று மனசு கணக்குப் போடும். இத்தனையும் தெரிந்த பிறகு வாசகி கார் விளக்கைப் பார்த்தால், அவளுக்கும் யாழினியோடு சேர்ந்து வயிற்றைக் கலக்கும். வந்தது ஆதித்யா என்று தெரியும்போது இருவருக்கும் சேர்ந்தே மூச்சு வரும். காதல் அந்த மூச்சில் தொடங்கட்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் நனைந்திருக்கிறேன். உங்களுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஆனால் மனைவியிடம், 'பெண்கள் மழையில் என்ன நினைப்பார்கள்?' என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'போன தடவை நனைஞ்சு வந்தியே, வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல என்ன பண்ணின?' என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், அழகுபடுத்தாதீர்கள்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, இருபத்தைந்தாவது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு சேர்ந்த அன்று அங்கே யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு, அதாவது கொக்கு இருந்தது, அதுவும் ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வரியில் அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு சொல் இல்லை. குருகின் கால் தினைத்தாள் போல் மெலிந்து பசுமையாக இருந்தது என்பது இருக்கிறது. ஏன் கால்? தலை குனிந்திருந்தவளுக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கபிலர் அவளைப் பார்க்கவில்லை, அவள் பார்த்ததைப் பார்த்தார். ஆண் எழுதலாமா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தக் கொக்கின் காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாயகியைவிட எனக்கு நாயகன் மேல்தான் வருத்தம் அதிகம். ஆதித்யா, முப்பது வயதில் நான்கு கம்பெனிக்கு எம்.டி., ஆறடி உயரம், எப்போதும் கோபம். பதினான்கு பக்கத்தில் மூன்று இடத்தில் யாழினியின் கையை முறுக்கிப் பிடிக்கிறான், அதைக் காதல் என்று சொல்கிறீர்கள். இந்த ஆன்ட்டி ஹீரோ வகைக்கு ஆள் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், விற்கிறது என்பதும் தெரியும். ஆனால் கையை முறுக்குகிறவனைப் பற்றி எட்டு மாதமாக உங்களுக்கு ஒரு பெண் எழுதிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி இருந்தால் இந்தக் காட்சியை நீங்கள் எந்தக் கையால் எழுதினீர்கள்?

அதே அத்தியாயத்தில் ஆதித்யாவின் கணக்குப்பிள்ளை முருகேசன் வருகிறார். இரண்டே வரி. காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர், சாயங்காலம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று காலி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிக்கொள்கிறார். வீட்டில் திறந்தால் பூவில் சாம்பார் வாசம். படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இதைக் கற்பனையில் எழுத முடியாது. மன்னிப்பு கேட்க வாய் வராத ஒரு ஆள், வீட்டுக் கடன் தவணையை மனசில் கூட்டிக் கழித்தபடி பூக்காரியிடம் இரண்டு முழத்துக்குப் பேரம் பேசுகிற ஆள், அவருக்குள் என்ன ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வகைக் கதைகளில் நாயகன் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆசைப்பட்டுப் பார்த்த ஆண். உள்ளே இருந்து பார்த்த ஆண் அபூர்வம். உங்களிடம் இருக்கும் அதைத்தான் பெண் பெயருக்குப் பின்னால் பயந்து ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள், இதை மறைக்காதீர்கள்.

பதிப்பகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் உங்கள் உண்மைப் பெயரும், 'இன்ன புனைபெயரில் எழுதுபவர்' என்பதும் இருக்க வேண்டும். பணம் உங்கள் பான் எண்ணோடு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், பாட்டி பெயருக்கு வர முடியாது. புனைபெயர் யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். நாளைக்கு வேறு ஒருவரை வைத்து அதே பெயரில் எழுத வைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும், அதனால் 'நிரந்தரமாக' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். புனைபெயரில் வரும் நூலுக்கு உரிமை வெளியீட்டிலிருந்து 60 வருடம். அதற்குள் எழுதியவர் யார் என்று வெளிப்படுத்திவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம். உங்களுக்கு வயது 36, குழந்தைகள் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. 'ஆண் என்று யாருக்கும் சொல்லக் கூடாது' என்ற நிபந்தனையில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி வரும், கையெழுத்து வாங்க யாராவது தூக்கோடு வந்து நிற்பார்கள். அப்போது அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

முதலில் அந்த வாசகிக்கு எழுதுங்கள். அதன் பிறகு எட்டாம் அத்தியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு, முருகேசன் டிபன் பாக்ஸோடு வீட்டுப் படியேறுவதிலிருந்து ஒரு பத்துப் பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். கதவைத் திறக்கும் அவர் மனைவியின் பக்கத்தை எழுதும்போது உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.